லயக் காம்பராவில் சாட்சியம் கேட்பதற்கு எந்த ஹெட்போன்?

பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் ஒரு பாட்டி தன் பேத்தியிடம் 1983 ஜூலை பற்றிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்ட அந்தக் காலையைப் பற்றி. பேத்தி அதைக் கைபேசியில் பதிவுசெய்து, இரவில் திரும்பக் கேட்டு எழுதுகிறாள். பாட்டி தணிந்த குரலில் சொன்ன ஒரு பெயர் அடுத்த காம்பராவுக்கும் கேட்டுவிட்டால்?

ஹெட்போன் வாங்கும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலைபோலத் துளைகளோடு இருந்தால் அது திறந்த வகை. உள்ளே அதிரும் சவ்வின் பின்பக்க ஒலி அந்தத் துளைகள் வழியாக வெளியேறிவிடும். அதனால் குரல் தலைக்குள் அடைபடாமல், எதிரே ஒருவர் இருந்து பேசுவதுபோல விரிந்து கேட்கும். காதும் அவ்வளவாக வியர்க்காது. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414ஐ வெளியிட்ட பிறகு இந்த வகை பிரபலமானது. மூடிய வகையில் கிண்ணத்தின் பின்பக்கம் முழுதாக அடைக்கப்பட்டிருக்கும். வெளிச் சத்தம் உள்ளே வருவதும், உள்ளே ஓடுவது வெளியே கசிவதும் குறைவு. அடியொலி சிலவற்றில் கொஞ்சம் கனத்துக் கேட்கும்.

பழைய லயங்கள் பலவற்றில் காம்பராக்களுக்கு இடையிலான சுவர் கூரைவரை போவதில்லை. பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும் இடத்தில் திறந்த ஹெட்போன் சின்ன ஸ்பீக்கர் மாதிரிதான். சாட்சியம் சொன்னவருக்கு நாம் கொடுத்த வாக்கு அந்தத் துளைகள் வழியாகவே போய்விடும். ஆகவே லயத்துக்குள் மூடிய வகைதான்.

மழையும் ஒரு காரணம். ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை ஊவாவில் தகரக் கூரை பேசவிடாது. திறந்த வகை போட்டிருந்தால் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணிநேரம், 90 என்றால் 4 மணிநேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தத்தைத் தானாகக் குறைக்கும் நவீன ஹெட்போன்கள் பஸ் எஞ்சினின் சீரான உறுமலைத்தான் நன்றாக அடக்கும். தகரத்தில் விழும் மழையிடம் அவற்றின் வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

ஆனால் காதை முழுதாக அடைத்துக்கொள்வதிலும் ஆபத்து இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண் சரிந்ததை மறந்துவிட்டு இந்த மாவட்டத்தில் யாரும் மழை இரவைக் கழிக்க முடியாது. மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் ஒரு காதைத் திறந்தே வைத்திருங்கள். மழை வலுத்தால் கழற்றி வைத்துவிடுங்கள். எழுத்து வேலை நாளைக்கும் செய்யலாம்.

பதிவுசெய்யும் நேரத்திலும் மூடிய வகையே. திறந்ததிலிருந்து கசியும் ஒலி மைக்கில் திரும்ப ஏறும். ஆடி மாதத்துக் காற்றில் இஸ்தோப்பில் இருந்து பேசினால் மைக் இரையும். ஹெட்போன் போட்டிருந்தால்தான் அது அப்போதே தெரியும். இரண்டு காதையும் மூடிக்கொண்டு ஒரு முதியவர் முன்னால் உட்காருவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. ஒரு பக்கம் போதும்.

அப்படியானால் திறந்தது எதற்கு? அமைதியான தனி அறையில் மணிக்கணக்காக இருந்து பதிவைச் செம்மைப்படுத்துபவருக்கு அது வரம். காது களைக்காது, குரலின் நடுக்கமும் மூச்சும் தெளிவாகத் தெரியும். ஆனால் சென்ஹைசர் எச்டி 600 போன்றவற்றின் மின்தடை 300 ஓம். கைபேசியில் நேரே செருகினால் ஒலி மெலிந்து வரும். தனி அம்ப்ளிஃபயர் தேவை. செலவு இரட்டிப்பாகிவிடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வயருள்ள மூடிய ஹெட்போனை வாங்குங்கள். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் வெட்டி ஒட்டும் வேலைக்குத் தொல்லை. 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506 இன்றும் ஒலிப்பதிவாளர்கள் கழுத்தில் தொங்குவது சும்மா இல்லை. 63 ஓம் என்பதால் கைபேசியே போதும்.

சொன்னவரின் சம்மதத்தோடு வெளியே அனுப்பும் பகுதியை, லயத்தை விட்டுத் தள்ளிப் போய் கைபேசி ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன உறவினர்கள் அதை வட்ஸ்அப்பில் அப்படித்தான் கேட்பார்கள்.