ஏழுவரி ஆமையும் நம்மூர்ச் செயற்கைக்கோளும்

"கடலே இல்லாத பெங்களூரில் கடலாமை ஆராய்ச்சியா?" என்று நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு அன்பர் கேட்டார். எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் காலம் தள்ளிய நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இங்குள்ள இந்திய அறிவியல் கழகமும் தக்ஷிண் ஃபவுண்டேஷனும் மற்றவர்களோடு சேர்ந்து, 2011 முதல் 2014 வரை, லிட்டில் அந்தமான் தீவில் முட்டையிட வந்த பத்து ஆமைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தின. முதுகில் வரி வரியாய் மேடு ஓடுவதால் நம் மீனவர்கள் ஏழுவரி ஆமை என்று சொல்வார்களே, அந்த இனம். சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பக்கம் போயின. சில ஆப்பிரிக்காவை நோக்கிப் போயின. ஒன்று 266 நாளில் 13,237 கிலோமீட்டர் நீந்தி மொசாம்பிக் பக்கம் போய்ச் சேர்ந்தது!

எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? ரேடியோ அலை உப்புத் தண்ணீரைத் தாண்டி வராது. ஆமை மூச்சுவிட மேலே வரும் கொஞ்ச நேரந்தான் வாய்ப்பு. அதற்காகக் கருவியில் இரண்டு உலோக முனைகள் உண்டு. முங்கியிருக்கும்போது அவற்றுக்கிடையே உப்புநீர் வழியாக மின்சாரம் ஓடும். மேலே வந்ததும் அறுந்துபோகும். அந்த நொடியில் கருவி ஒரு சின்னச் செய்தி அனுப்பும். பேட்டரியும் வீணாகாது.

ரயில் நெருங்கும்போது கீச்சென்று கேட்கும் ஹாரன், தாண்டியதும் இறங்கிவிடும் இல்லையா? இங்கே ஓடுகிற ரயில் செயற்கைக்கோள். அலைவரிசை ஏறி இறங்குவதை வைத்து ஆமையின் இடத்தைக் கணக்குப் போடுகிறார்கள். ஒருமுறை கடந்து போவதற்குள் பல செய்திகள் கிடைத்தால்தான் கணக்கு சரியாக வரும். பிரான்சும் அமெரிக்காவும் 1978-இல் தொடங்கிய இந்த ஆர்கோஸ் ஏற்பாட்டின் கருவியைச் சுமந்துகொண்டு, 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சரல் கிளம்பியது. அதன் உடற்பகுதி இஸ்ரோவின் பெங்களூர் மையம் உருவாக்கியது. நம்மூர்ச் சரக்குதான்!

என்ஜினியர் பெரிய பேட்டரி கேட்பார், உயிரியலாளர் "ஆமை நீந்த வேண்டாமா?" என்பார். பங்குனி ஆமைக்கு ஓடு கெட்டி, பசையால் ஒட்டிவிடலாம். ஏழுவரிக்கு முதுகெல்லாம் தோல், பசை நிற்காது. நடுமேட்டில் சிறு துளையிட்டுக் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் உயிரியலாளர் சொல்வதே செல்ல வேண்டும் என்பது என் கட்சி.

ஒரிசாவின் தேவி ஆற்று முகத்தில் 2001-இல் நான்கு பங்குனி ஆமைகளுக்குக் கருவி வைத்தார்கள். ஒன்று இலங்கை வரை வந்தது. சில மாதங்களில் நான்கும் ஊமையாகிவிட்டன. பேட்டரி போச்சா, இழுவை வலையில் சிக்கிச்சா? அதனால்தான் பல கருவிகள் பேட்டரியின் வோல்டேஜையும் கூடவே அனுப்புகின்றன. வோல்டேஜ் நன்றாக இருந்து, முனைகள் மட்டும் நாள் முழுக்கக் காய்ந்தே கிடந்தால், ஆமை தண்ணீரில் இல்லை. கரையிலோ ஏதோ ஒரு படகிலோ கிடக்கிறது.