பழைய மோட்டார் வண்டியின் பூட்டும் கடலின் உப்பும்

தென் அந்தமானில், 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயர் நகருக்கு அண்மையில் உள்ளது சிப்பிகாட். 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தால் இப்பகுதி நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அதன் விளைவாக, முன்பு பயிர் விளைந்த தாழ்நிலங்களில் ஓத நீர் புகலாயிற்று. ஆண்டுதோறும் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையும் பெய்கின்றது. ஈரமும் உப்பும் ஒன்றுகூடிய இத்தகைய இடத்தில், பழைய மோட்டார் வண்டியின் பூட்டு விரைவில் கெடுவது வியப்பன்று. உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் கடல் கடந்தே வரவேண்டியிருத்தலால், நோயாளியை ஏற்றிச்செல்லவேண்டிய இரவில் சாவி திரும்பாமற் போனால் நேரும் இன்னல் சிறிதன்று.

உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் போன்ற வண்டிகளின் பூட்டு எளிய அமைப்புடையது. உறைக்குள் ஓர் உருளை. உருளையில் வில்சுருள்களால் தாங்கப்பெற்ற மெல்லிய தகடுகள். சாவி இல்லாதபோது இத்தகடுகள் வெளியே நீண்டு, உறையின் பள்ளத்தில் பொருந்தி உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கும். உரிய சாவி நுழைந்ததும் எல்லாத் தகடுகளும் உருளையின் மேற்பரப்புக்குச் சமமாக அமையும், உருளை திரும்பும்.

தகடுகள் பித்தளையாலும், வில்சுருள்கள் எஃகாலும், உறை துத்தநாகக் கலவையாலும் அமைவதுண்டு. வெவ்வேறு உலோகங்களுக்கிடையே உப்புநீர் தங்கினால், அது சிறு மின்கலமாகிவிடும். அப்போது துத்தநாகமே முதலில் அரிக்கப்படும். அதனால் தோன்றும் வெண்பொடி உருளையை இறுக்கிவிடும். வலிந்து திருப்பினால் சாவி முறிந்து உள்ளே தங்கும்.

இக்னிஷன் பூட்டின் பின்புறம் ஒரு மின் சுவிட்சு உள்ளது. அதன் தொடுமுனைகளில் பாசி பிடித்தால் மின்தடை பெருகும். 5 ஆம்பியர் மின்னோட்டம் செல்லுமிடத்தில் தடை 0.1 ஓம் ஆயின், அரை வோல்ட் மின்னழுத்தம் வீணாகி, 2.5 வாட் வெப்பமாக மாறும் என்பதை மாணவர்களே கணக்கிட்டறியலாம். ஆகவே, எஞ்சின் கிளம்பாதபோது குறை பூட்டிலா, சுவிட்சிலா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். உருளை நன்கு திரும்பினால், சுவிட்சை மட்டும் மாற்றுதலே போதுமானதாக இருக்கக்கூடும்.

மாற்றும் முறை வருமாறு: முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுக. ஒவ்வொரு கம்பியும் எந்த முனைக்குரியது என்பதை அட்டைச்சீட்டில் குறித்துக் கம்பியில் கட்டுக. பின்னர், பழைய சுவிட்சை எடுத்துவிட்டு, முனைகளை ஒப்பிட்டுப் புதியதைப் பொருத்துக. பாட்டரியை மீண்டும் இணைத்தபின், ஒவ்வொரு நிலையிலும் விளக்கு, இக்னிஷன், ஸ்டார்ட்டர் ஆகியவை தத்தம் பணியைச் செய்கின்றனவா என்று சோதித்தறிக. ஸ்டியரிங்கைப் பூட்டும் அமைப்புள்ள வண்டியில், சாவி இயங்கு நிலையில் இருக்கும்போது அப்பூட்டு முழுவதும் விலகியிருத்தலைச் சரிபார்த்த பின்னரே வண்டியைச் சாலையில் செலுத்தவேண்டும். ஓட்டத்தில் அது பூட்டிக்கொள்ளுமாயின் உயிருக்கே ஆபத்தாகும்.

சாவி காணாமற்போன காரணத்தால் மாற்றுவோர் இக்னிஷனை மட்டும் மாற்றுவது பயனற்றது. அதே சாவி கதவையும் டிக்கியையும் திறக்குமன்றோ? ஒரே சாவிக்குரிய தொகுதியாக வாங்கி எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதலே நன்று. மாதிரிச் சாவியை வெட்டும்போது, தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் அதன் தேய்வும் புதியதில் வந்துசேரும். பூட்டின் குறியீட்டெண் கிடைத்தால் அதன்படி வெட்டுவதே சிறந்தது.

காப்பதும் மாற்றுவதைப் போன்றே இன்றியமையாதது. கிராஃபைட் தூளை உலர்ந்த ஊர்களில் பலர் பயன்படுத்துவர்; ஆனால் உப்பீரம் உள்ள இடத்தில் அது துத்தநாகத்தின் அரிப்பைத் தூண்டக்கூடும். ஆதலால், கடற்கரையில் டெஃப்லான் கலந்த உலர் மசகே ஏற்றது. கதவின் அடியிலுள்ள நீர்வடியும் துளைகளை மழைக்காலத்திற்கு முன் திறந்து வைப்பதும், சாவித்துளையை நன்னீரால் கழுவி உலர்த்துவதும் பூட்டின் ஆயுளை நீட்டும்.