தொலைவிலிருந்து ஏற்றும் நத்தார் விளக்கு

மார்கழி மாதம் பிறந்தவுடன் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே குருநகர், பாசையூர், இளவாலை போன்ற கிறிஸ்தவ மக்கள் மிகுந்து வாழும் ஊர்களின் வீட்டு முற்றங்களில் நத்தார் வெள்ளிகள் தோன்றத் தொடங்கும். மூங்கிற் சிம்புகளாலும் வண்ணக் கடதாசியாலும் செய்யப்பெற்று, உள்ளே ஒரு மின்குமிழை ஏந்தி நிற்கும் வெள்ளி ஒருபுறம்; வைக்கோல் பரப்பி அமைத்த பாலன் குடில் மறுபுறம். பாடசாலைகளில் இக்காலத்தில் நடைபெறும் கொண்டாட்டத்துக்கு ஒளிவிழா என்றே பெயர். விளக்கேற்றுதல் இப்பண்டிகையின் புறக்கோலம் மட்டுமன்று, அதன் உட்பொருளும் அதுவே என்பதை அப்பெயர் உணர்த்தி நிற்கின்றது.

இவ்விளக்குகளை இணையத்தோடு இணைத்து, கடல் கடந்து வாழும் மகனோ மகளோ தம் கைத்தொலைபேசியைத் தொட்ட மாத்திரத்தில் ஏற்றவும், நிறம் மாற்றவும், அணைக்கவும் இன்று இயலும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பாரிசிலோ உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பங்கள் குடாநாட்டில் அரியன. ஆதலால், பிறநாடுகளில் வெறும் பொழுதுபோக்காகத் தொடங்கிய இக்கலை இங்கே ஓர் ஆழ்ந்த பயனைப் பெறக்கூடும். நத்தார் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மாலை 7 மணியாகும்போது இலண்டனில் பிற்பகல் 1.30, ரொறன்ரோவில் காலை 8.30. அங்கே காலையுணவை முடித்த ஒருவர், இங்கே இருள் கவியும் வேளையில் தாய் தந்தையரின் முற்றத்து வெள்ளியை ஏற்றிவைக்கலாம். இவ்வேற்பாடு எங்ஙனம் இயங்குகின்றது, அதில் இன்றியமையாதது யாது, எவற்றில் அவதானம் வேண்டும் என்பவற்றை நேயர்கள் அறிந்திருத்தல் நன்று.

நத்தார் மரத்தில் மின்விளக்கு ஏற்றிய வரலாறு 1882ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அவ்வாண்டு டிசெம்பரில் நியூயோர்க் நகரிலே, எடிசனின் கூட்டாளியாகிய எட்வேட் ஜோன்சன் என்பவர் தம் இல்லத்து மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் 80 மின்குமிழ்களைப் பொருத்தினார். அம்மரம் மெல்லச் சுழன்றது. சுழலுந்தோறும் விளக்குகள் அணைந்தும் எரிந்தும் நிறம் மாறின. நம் நாட்டு வெசாக் தோரணங்களைக் கண்டவர்களுக்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது. மோட்டாரினால் சுழலும் ஓர் உருளையில் செப்புத் தகடுகளைப் பதித்து, தகடு எந்தக் கம்பியைத் தொடுகின்றதோ அந்த வரிசை விளக்குகள் எரியுமாறு செய்தல் பழைய தோரணக் கலைஞர்களின் வழக்கம். எந்த விளக்கு எப்போது எரியவேண்டும் என்ற ஒழுங்கு அவ்வுருளையிலேயே எழுதப்பட்டிருந்தது எனலாம். இன்று அவ்வுருளையின் இடத்தை விரல் நுனியளவான கணினிச் சில்லு பெற்றுவிட்டது. மாறியது கருவி, கருத்து மாறவில்லை.

விளக்கும் மாறியிருக்கின்றது. பழைய வண்ணக் குமிழ் ஒன்று ஏறத்தாழ 7 உவாற்று வலுவை உறிஞ்சும். அத்தகைய 200 குமிழ்களை நாள்தோறும் 5 மணி நேரமாக 30 நாட்கள் எரித்தால் 210 அலகு மின்சாரம் செலவாகும். இன்று கடைகளில் எல்.ஈ.டி. என்று வழங்கப்படும் ஒளிகாலும் இருவாயிகளில், வண்ணம் மாற்றவல்ல வகை ஒன்று முழுப் பிரகாசத்தில் எரியும்போதும் ஏறத்தாழ 0.3 உவாற்றே கொள்ளும். அதே 200 விளக்குகள், அதே நேரம், அதே 30 நாட்கள். செலவு 9 அலகுகளே. மின்கட்டணத்தை எண்ணிப் பார்க்கும் எந்தக் குடும்பத்துக்கும் இவ்வேறுபாடு சிறிதன்று.

இவ்விளக்கு ஒவ்வொன்றினுள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நுண்ணிய ஒளிப்புள்ளிகள் உள. சிவப்பும் பச்சையும் முன்னரே கிடைத்தன. பிரகாசமான நீலமே நெடுங்காலம் கைகூடாதிருந்தது. அதனைச் சாதித்த அகாசாகி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூன்று புள்ளிகளும் ஒவ்வொன்றும் 256 படிகளில் கூடவும் குறையவும் வல்லன. ஆகவே ஒரு விளக்கு காட்டக்கூடிய நிறங்களின் தொகை 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்டதாகும்.

இருநூறு விளக்குகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளை எங்ஙனம் போய்ச் சேர்கின்றது? பந்தியில் அமர்ந்திருப்போரை நினைத்துக் கொள்ளலாம். இலைக்கட்டு ஒன்று வரிசையின் தலைப்பில் இருப்பவர் கையில் கொடுக்கப்படுகின்றது. அவர் மேலிருக்கும் இலையைத் தமக்கென எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவரிடம் கொடுக்கின்றார். அடுத்தவரும் அவ்வாறே செய்கின்றார். ஈற்றில் எல்லோர் முன்னிலையிலும் ஓர் இலை இருக்கும். சில்லு அனுப்பும் செய்தியும் இத்தகையதே. முதல் விளக்கு தனக்குரிய பகுதியை வைத்துக்கொண்டு எஞ்சியதை அடுத்த விளக்குக்குக் கடத்துகின்றது. இருநூறு விளக்குகளுக்கும் இவ்வாறு செய்தி சென்று சேர, ஒரு செக்கனை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரமும் வேண்டியதில்லை.

இனி, ரொறன்ரோவிலிருந்து வரும் கட்டளையின் வழியைப் பார்ப்போம். வீட்டின் இணைய றவுட்டர், வெளியிலிருந்து அழைப்பின்றி வருவோரை உள்ளே விடாது; அது நன்மையே. ஆதலின் வீட்டிலுள்ள சில்லுதான் முதலில் வெளியே சென்று, இணையத்திலுள்ள ஒரு சேவையகத்தோடு தொடர்பை ஏற்படுத்தி, தனக்கு ஏதேனும் செய்தி உண்டோ என்று காத்து நிற்கும். தபாற்காரரை எதிர்பார்த்துப் படலையைத் திறந்துவைப்பதை விடுத்து, வீட்டாரே தபாற் கந்தோருக்குச் சென்று கடிதத்தைப் பெற்றுவருவதை இது ஒக்கும். தொலைவிலிருப்பவர் தம் கட்டளையை அச்சேவையகத்தில் ஒப்படைக்கின்றார். அது பெரும்பாலும் ஒரு செக்கனுக்குள் சில்லை வந்தடைகின்றது.

இத்துடன் காரியம் முடிந்ததென்று பலர் எண்ணுவர். முடியவில்லை. கட்டளை அனுப்பப்பட்டது என்பது வேறு. விளக்கு எரிந்தது என்பது வேறு. வானொலிக்கும் இந்நிலை உண்டு. நிலையத்திலிருந்து பேசுபவரின் குரல் காற்றிலே செல்கின்றது. அது ஒரு வீட்டிலேனும் கேட்கப்பட்டதா என்பதை அவர் அறியார். நேயர் ஒருவரின் கடிதம் கைக்கு எட்டும்போதே ஒருவழிப் பாதை இருவழிப் பாதையாகின்றது. தொலைவிளக்குக்கும் அத்தகைய மறுமொழி ஒன்று இருத்தல் வேண்டும்.

இதன் இன்றியமையாமையை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் தெளிவாக்கும். கொலராடோ மாநிலத்திலே ஒருவர் தம் வீட்டில் ஆயிரக்கணக்கான நத்தார் விளக்குகளை அமைத்து, உலகின் எப்பகுதியிலிருந்தும் எவரும் அவற்றை இணையத்தின் மூலம் ஏற்றி அணைக்கலாம் என்று அறிவித்தார். பல நாட்டு மக்கள் அதில் ஈடுபட்டு மகிழ்ந்தனர். செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அதனைப் புகழ்ந்தன. ஆயின், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில் உண்மை வெளிவந்தது. மக்கள் கண்டவை முன்னரே எடுத்து வைத்த நிழற்படங்கள். ஒருவர் விசையைத் தொட, அதற்கேற்ற படம் மாற்றிக் காட்டப்பட்டதேயன்றி, வீட்டு விளக்குகளில் எவ்வித மாற்றமும் நிகழவில்லை. வேடிக்கைக்காகச் செய்ததாக அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு, 2005இல், உண்மையாகவே இயங்கும் விளக்குகளையும் நேரடிக் கமெராக்களையும் நிறுவி, கோதுமை முதலியவற்றிலுள்ள ஒரு புரதத்தால் தூண்டப்படும் சீலியாக் நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு அதன் மூலம் நன்கொடை திரட்டலானார்.

திரையில் தோன்றிய ஒளி ஒன்றேயாயினும், பொய்யான விளக்கை ஏற்றியவருக்கும் மெய்யான விளக்கை ஏற்றியவருக்கும் உள்ள தூரம் பெரிது. தாயின் முற்றத்து வெள்ளியை ஏற்றும் மகனுக்கு வேண்டுவது திரையில் ஒரு மஞ்சட் புள்ளியன்று. தன் செயலால் அங்கே ஓர் ஒளி பிறந்தது, அதனைத் தாய் கண்டாள் என்ற உறுதியே அவன் வேண்டுவது. எனவே விளக்கை நோக்கிய ஒரு சிறு கமெரா, அல்லது மின்னோட்டம் பாய்ந்ததை அளந்து மீண்டும் அறிவிக்கும் ஓர் அமைப்பு, இவ்வேற்பாட்டின் அணிகலன் அன்று, உயிர்நாடியாகும். அக்கமெரா விளக்குகளை மட்டும் நோக்குமாறு அமைத்தல் முறை. தெருவில் போவோரையும் அயல்வீட்டு முற்றத்தையும் உலகத்துக்குக் காட்டும் உரிமை எவருக்கும் இல்லை.

மின்சாரத்தின் அருமையைக் குடாநாட்டு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் மின்வழங்கல் நின்றுபோக, ஆண்டுக்கணக்காக இங்கு விளக்கென்பது ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு எரித்த பஞ்சுத் திரியாகவே இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் பல. அண்மையில், 2022 மார்ச் இறுதியில், நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்ததும் மறந்துவிடக் கூடியதன்று. ஆகவே மின்சாரமும் இணையமும் என்றும் இடையறாதிருக்கும் என்ற நம்பிக்கையில் இவ்வேற்பாட்டை அமைத்தல் தகாது. இணையம் அறுந்தால் சில்லு தன் நினைவிலுள்ள எளிய ஒழுங்கின்படி மாலையில் ஏற்றி இரவில் அணைக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பினால், நள்ளிரவாயினும் எல்லா விளக்குகளும் ஒருங்கே சுடர்விட்டு ஊரை எழுப்பாதவாறு, அணைந்த நிலையிலேயே தொடங்கவேண்டும். இவ்விரண்டையும் முன்னரே சோதித்துப் பார்த்தல் நலம்.

அடுத்து, உயிர்ப் பாதுகாப்பு. நத்தார் வருவது வடகீழ்ப் பருவமழைக் காலத்தில். சுவரும் மரமும் நிலமும் நனைந்திருக்கும். கரையோரங்களில் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். எனவே 230 வோல்ற்று மின்சாரத்தை முற்றத்துக்குக் கொண்டுசெல்லாதிருத்தலே முதல் விதி. அதனை 5 அல்லது 12 வோல்ற்றாகக் குறைக்கும் கருவியை வீட்டினுள் உலர்ந்த இடத்தில் வைத்து, குறைந்த அழுத்தத்தை மட்டும் வெளியே விடவேண்டும். அழுத்தம் குறையினும் ஓட்டம் குறையாது என்பதையும் அறிதல் வேண்டும். 200 விளக்குகள் முழுப் பிரகாசத்தில் 5 வோல்ற்றில் ஏறத்தாழ 12 அம்பியர் கொள்ளும். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். தடித்த கம்பியும் தகுந்த உருகியும் அவசியம். தூரம் மிகும்போது கடைசி விளக்குகள் மங்கிச் செம்மஞ்சளாகத் தோன்றுமாயின், வரிசையின் மறுமுனையிலும் மின்சாரம் ஊட்டினால் அக்குறை நீங்கும். வீட்டின் பிரதான பலகையில், 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆளி இருக்கின்றதா, அது இயங்குகின்றதா என்பதை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி அறியலாம். மழையில் ஏணி வைத்து ஏறுதலும், மின்கம்பத்தில் வடத்தைக் கட்டுதலும் ஒருபோதும் கூடா.

கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தும் உண்டு. 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீய மென்பொருள், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த கமெராக்களையும் றவுட்டர்களையும் பெருந்தொகையாகக் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரிய இணையத்தளங்கள் பலவற்றை முடக்கியது. அக்கருவிகளின் சொந்தக்காரர்கள் ஏதும் அறியாதிருந்தனர். ஆகவே கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றுதலும், கட்டளையிடும் உரிமையைக் குடும்பத்தினருக்கு மட்டும் அளித்தலும் வேண்டும்.

யாவற்றினும் மேலாக, சுவரில் ஒரு சாதாரண ஆளி இருத்தல் வேண்டும். அது உலகின் எந்த மூலையிலிருந்து வரும் கட்டளையையும் மீறி விளக்குகளை அணைக்க வல்லதாயிருத்தல் வேண்டும். தெருவில் ஒரு வீட்டில் துக்கம் நிகழ்ந்துவிடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருக்கலாம். விடியுமுன் கடலுக்குச் செல்லவேண்டிய ஒருவர் நித்திரைக்குப் போயிருக்கலாம். இவற்றைத் தொலைவிலிருக்கும் மகன் அறியான். வீட்டிலிருக்கும் தாய் அறிவாள். அவள் கை எட்டும் இடத்திலே அவ்வாளி இருக்கவேண்டும். அவள் அணைத்துவிட்டாள் என்பதும் உடனே மகனுக்குத் தெரிதல் வேண்டும்.

விளக்குகளின் தொகையோ நிறங்களின் வகையோ இத்தகைய அலங்காரத்தின் சிறப்பைத் தீர்மானிப்பதில்லை. அனுப்பிய கட்டளை மெய்யாகவே ஒளியாதலும், அவ்வொளி அயலாருக்கு இடையூறாகாமையும், வீட்டிலிருப்போரின் சொல்லே இறுதிச் சொல்லாதலும் ஆகிய மூன்றுமே அதன் தகுதியை நிறுப்பன. இம்மூன்றும் அமைந்த முற்றத்தில் இருநூறு விளக்குகள் வேண்டுமென்பதில்லை. கடதாசி வெள்ளியினுள் எரியும் ஒற்றை விளக்காயினும், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து ஏற்றியவருக்கும் வாசலில் நின்று பார்ப்பவருக்கும் அது ஒரே விளக்காகும்.