நோர்வே நாட்டின் வாயிற் கோட்டை



நோர்வே நாட்டின் தேசப்படத்தை விரித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு முதலிற் புலப்படுவது அதன் கரையோரமே. பண்டைப் பனிக்கட்டியாறுகள் அகழ்ந்த பள்ளத்தாக்குகளிற் கடல் புகுந்து, மலைகளுக்கிடையே ஒடுங்கிய நீர்ப்பாதைகளை உண்டாக்கியிருக்கிறது. இவற்றைப் பூகோள நூலார் நுழைகழிகள் என்பர். அந்நாட்டு மக்களுக்குக் கடலே தெரு, கடலே வயல். ஆனால், மீனும் வாணிகமும் வரும் வழியாலே பகைவனும் வரலாம் அல்லவா? ஆதலின் அவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் துறைமுக வாயில்களிற் கோட்டைகளை எழுப்பி வந்தனர்.

ஒஸ்லோ நகரின் ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டை 1300 ஆம் ஆண்டையொட்டித் தோன்றியது. பேர்கன் துறைமுகத்திலே, கீழைநாட்டு வாசனைத் திரவியங்களை ஏற்றிவந்த ஒல்லாந்தக் கப்பல்கள் 1665 இல் ஒதுங்கி நின்றபோது, அவற்றைத் தாக்க வந்த ஆங்கிலேயரைக் கோட்டைப் பீரங்கிகளும் சேர்ந்து விரட்டின. எனினும், ஒரு கோட்டையின் வலிமை எதில் இருக்கிறது? மதிலிலா, பீரங்கியிலா, காப்போன் நெஞ்சிலா? இவ்வினாவுக்கு விடை தருவது ஒஸ்லோவுக்குத் தெற்கே, துரோபாக் என்னும் ஊரின் எதிரே, நுழைகழி மிக ஒடுங்கும் இடத்திற் சிறு தீவுகளின்மேல் நிற்கும் ஒஸ்கார்ஸ்போர்க் கோட்டை.

இக்கோட்டை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கட்டப்பட்டது. அதன் மேற்கிலுள்ள நீர்ப்பாதையை மறித்து, 1874 முதல் 1879 வரை, நீருக்கடியிற் கல்லணை ஒன்றையும் அமைத்தனர். இதனாற் பெருங்கப்பல்கள் கிழக்குப் பாதையால், பீரங்கிகளின் முன்னாலேயே செல்லவேண்டியதாயிற்று. 1893 இல் ஜேர்மனியிலிருந்து மூன்று பெரும் பீரங்கிகள் தருவிக்கப்பட்டன. அவற்றின் வாய் 28 சென்ரிமீற்றர் அகலம். மோசே, ஆரோன், யோசுவா என்று விவிலியப் பெயர்களை அவற்றுக்கு இட்டனர். இறக்கும்போது ஒன்று நீரில் விழுந்து மீட்கப்பட்டதாம். நீரினின்று எடுக்கப்பட்டமையால் அது மோசே ஆயிற்று என்பர். பின்னர், பாறையைக் குடைந்து, நீருக்கடியே பாய்ந்து கப்பலைப் பிளக்கும் டோர்பீடோக்களை ஏவும் நிலையம் ஒன்றையும் மறைவாக அமைத்தனர்.

1940 ஏப்பிரல் 9 ஆம் நாள் விடியுமுன், விளக்குகளை அணைத்துக்கொண்டு போர்க்கப்பல்கள் சில நுழைகழியில் ஏறி வந்தன. அவை ஒஸ்லோவைக் கைப்பற்ற வந்த ஜேர்மன் படையினவாகும். முன்னணியில் வந்தது புளுக்கர் என்னும் புத்தம்புதிய பெருங்கப்பல். கோட்டையிலோ பீரங்கிகள் அரை நூற்றாண்டு பழையன. வீரரிற் பெரும்பாலோர் ஒரு வாரமே பயிற்சி பெற்ற இளைஞர். மூன்று பீரங்கிகளையும் இயக்க ஆட்கள் போதாமையால் இரண்டே ஆயத்தமாயின. டோர்பீடோ நிலையத்துக்கு, ஓய்வுபெற்றிருந்த அதிகாரி ஒருவர் இரவோடிரவாக அழைக்கப்பட்டார்.

தளபதி பீர்கர் எரிக்சன் அறுபத்துநான்கு வயதினர். வருவது எந்நாட்டுக் கப்பல் என்பது அவருக்குத் திட்டமாகத் தெரியாது. மேலிடத்திலிருந்து தெளிவான கட்டளையும் இல்லை. எச்சரிக்கை வேட்டு முன்னே, மெய்வேட்டு பின்னே என்பது வழக்கம். ஆனால் வெளிக் கோட்டைகளின் வேட்டுகளையும் பொருட்படுத்தாது வந்த கப்பலுக்கு இனி எச்சரிக்கை எதற்கு? பீரங்கியை மறுபடி நிரப்ப நேரமும் இராது. தமக்கு விருது கிடைக்குமோ விசாரணை கிடைக்குமோ என்ற நிலையில், முழுப் பொறுப்பையும் தாமே ஏற்று, சுடுமாறு ஆணையிட்டார்.

ஆரோன் முழங்கிற்று, மோசே தொடர்ந்தது. இரண்டு குண்டுகளும் தவறவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டு பழைய டோர்பீடோக்கள் இரண்டும் கப்பலின் வயிற்றைப் பிளந்தன. இரண்டு மணித்தியாலத்துக்குள் புளுக்கர் கவிழ்ந்து மூழ்கிற்று. அதிலிருந்த பல நூறு இளைஞர் குளிர்நீரில் மாண்டனர். அவர்களும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே என்பதை நாம் மறத்தலாகாது.

ஏனைய கப்பல்கள் பின்வாங்கின. ஆயினும் அன்றே விமானமூலம் வந்திறங்கிய படைகள் ஒஸ்லோவைக் கைப்பற்றின. மறுநாட் காலை கோட்டையும் பணிந்தது. அப்படியானால் அதனால் விளைந்த பயன் யாது? சில மணித்தியாலங்கள்! அந்த இடைவேளையிலே மன்னர் ஏழாம் ஹோகோனும், அமைச்சரும், பாராளுமன்றத்தாரும் புகையிரதத்தில் நகரை விட்டு நீங்கினர். வங்கியிலிருந்த ஏறத்தாழ 50 தொன் பொன்னும் நகரை விட்டு வெளியேறிற்று. அன்றிரவு கூடிய பாராளுமன்றம் நாட்டைக் காக்கும் அதிகாரத்தை அரசாங்கத்திடம் ஒப்புவித்தது. யூன் மாதத்தில் இங்கிலாந்து சென்ற அவ்வரசாங்கம், ஏறத்தாழ ஆயிரம் வாணிகக் கப்பல்களைத் தன் ஆணையில் வைத்து, 1945 வரை போராட்டத்தைத் தொடர்ந்தது. தலைநகர் வீழ்ந்தது, அரசு வீழவில்லை.

எரிக்சனுக்கு நாடு பின்னர் தன் உயர்ந்த போர்விருதை அளித்தது. இன்று அக்கோட்டை ஓர் அரும்பொருட்சாலை. பீரங்கிகள் மூன்றும் இன்றும் நீர்ப்பாதையை நோக்கி நிற்கின்றன. புளுக்கர் அதே நீரின் அடியிற் கிடக்கிறது. பகைவனை என்றென்றைக்கும் தடுக்கவல்ல கோட்டையை மனிதர் இதுவரை கட்டியதில்லை. வேண்டிய வேளையிற் சிறிது காலத்தை ஈட்டித் தருவதே கோட்டையின் பணி. அந்தக் காலத்தை ஈட்டியவை பழைய இரும்பும், இடமறிந்து கட்டிய முன்னோரின் அறிவும், பொறுப்பைப் பிறர்மேற் போடாத ஒரு முதியவரின் துணிவுமே.