டி.வி. புதுசு... கண் பழசுதானே!

“நாற்பத்து மூணு இன்ச்சா, அம்பத்தஞ்சா? ஹெச்.டி. போதுமா, 4-கே வேணுமா?” தீபாவளி, பொங்கல் வந்தாலே பாதி வீடுகளில் இதே பட்டிமன்றம்தான். “புள்ளி அதிகம் சார், படம் பளிச்னு இருக்கும்!” என்பார் கடைக்காரர். பையன் உடனே அவர் கட்சி! பணத்தை நீட்டும் முன் ஒரு நிமிஷம்... உங்கள் கண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன்.

புள்ளிக் கணக்கு

டி.வி. படமும் கோலம் மாதிரிதான். எல்லாம் புள்ளி சமாச்சாரம்! பழைய சாதா ஒளிபரப்பில் சுமார் 4 லட்சம் புள்ளிகள். முழு ஹெச்.டி.யில் 20 லட்சத்துக்கும் மேல். 4-கே என்றால் 82 லட்சத்தைத் தாண்டும். நம் தூர்தர்ஷனே 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின்போது ஹெச்.டி.க்கு வந்துவிட்டது.

ஆனால், புள்ளி கூடிய அளவுக்கு நம் பார்வை கூடவில்லையே! 6/6 பார்வை உள்ளவருக்கும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பதில் ஓர் எல்லை உண்டு. அந்தக் கணக்குப்படி, 43 இன்ச் ஹெச்.டி. டி.வி.யில் சுமார் ஐந்தரை அடி தள்ளிப் போனாலே புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. 55 இன்ச் என்றால் சுமார் ஏழு அடி. உங்கள் ஹாலில் சோபா பத்தடி தள்ளிக் கிடக்கிறதா? அப்படியானால் 4-கே.யின் கூடுதல் புள்ளிகள் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாது. பில்லில் மட்டும் எட்டும்! கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்து ஹாலை அளந்து பாருங்கள்.

இன்னொரு விஷயம். சாதா சேனலைப் போட்டுவிட்டு, படம் சரியில்லை என்று டி.வி.யைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய திரையில் மங்கலும் பெரிசாகத்தான் தெரியும்.

கிட்டே உட்கார்ந்தால் கண் கெடுமா?

இந்த பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் 1967-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் சில கலர் டி.வி.க்களில் அளவுக்கு மீறி எக்ஸ்-ரே கதிர் கசிவது தெரியவந்தது. குழந்தைகளை ஆறடியாவது தள்ளி உட்காரச் சொன்னார்கள். இன்றைய தட்டை டி.வி.யில் அந்த பிக்சர் ட்யூபே கிடையாது. அந்தக் கதிர் பயமும் வேண்டாம்.

ஆனால் உங்கள் குழந்தை அடிக்கடி டி.வி. பக்கத்தில் போய் நின்று பார்க்கிறதா? “தள்ளி உட்காரு!” என்று அதட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். அதற்குக் கிட்டப்பார்வை இருக்கலாம். தூரத்தில் தெரியாததால்தான் கிட்டே போகிறதோ என்னவோ! உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். கரும்பலகையும் தெரியாமல்தான் அது பள்ளியில் தவித்துக்கொண்டிருக்கும்.

எரிச்சல் ஏன்?

நாம் நிமிடத்துக்கு சுமார் 15 தடவை இமைக்கிறோம். காட்சியில் லயித்துவிட்டால் இமைப்பது குறைந்து கண் உலர்கிறது. எரிச்சலும் கனமும் அதனால்தான். இதற்கு என்ன செய்யலாம்?

● கடையில் பளபளக்க வைத்திருக்கும் ‘விவிட்’ மோடை வீட்டில் ‘சினிமா’ அல்லது ‘ஸ்டாண்டர்ட்’ மோடுக்கு மாற்றுங்கள். வெளிச்சம் குறையும், கண்ணுக்கும் இதம்.

● கும்மிருட்டில் பார்க்க வேண்டாம். டி.வி.க்குப் பின்னால் சின்னதாக ஒரு விளக்கு எரியட்டும்.

● விளம்பரம் வந்தால் எழுந்து நடங்கள். ஜன்னல் வழியே தூரத்தைப் பாருங்கள். நன்றாகக் கண்ணை இமையுங்கள்.

● டி.வி.யை உத்தரத்தை ஒட்டி மாட்டாதீர்கள். கழுத்து வலிதான் மிச்சம். உட்கார்ந்தால் திரையின் நடுப்பகுதி கிட்டத்தட்ட கண் மட்டத்தில் இருக்கட்டும்.

● இரண்டு வயது நிரம்பும் வரை குழந்தைக்கு டி.வி.யே வேண்டாம். நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். இது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு.

கடைசியாக ஒன்று. “படம் மங்கலா தெரியுதுப்பா” என்று பாட்டி சொன்னால் புது டி.வி.க்கு ஓடாதீர்கள். கோளாறு டி.வி.யில் இல்லாமல், பாட்டியின் கண்புரையாக இருக்கலாம். முதலில் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஆபரேஷன் முடிந்து வந்தால், பழைய டி.வி.யே அவருக்கு பளிச்சென்று தெரியும்!