இந்துஸ்தான் நிலப்படம் (ரென்னல்)

இந்துஸ்தான் நிலப்படம் என்பது, ஜேம்சு ரென்னல் 1782 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட நிலப்படம் ஆகும். இவர் முன்னர் வங்காளத்தின் தலைமை நில அளவையாளராக இருந்தவர். இப்படத்தில் மாகாண எல்லைகள் அக்பர் காலத்துச் சுபாக்களைத் தழுவிக் காட்டப்பட்டன. ஆயினும் அப்போது முகலாயர் ஆட்சி தில்லியைச் சுற்றியே எஞ்சியிருந்தது. படத்தின் அலங்காரச் சித்திரத்தில் பிராமணர்கள் தம் நூல்களைப் பிரித்தானியா எனும் பெண்ணுருவிடம் ஒப்படைக்கின்றனர்.

வங்காளத்துக்கு வெளியே பெரும்பகுதி நேரடியாக அளக்கப்படவில்லை; படைகள் நடந்த வழித்தூரங்களும் பயணிகளின் குறிப்புகளும் தொகுக்கப்பட்டே படம் வரையப்பட்டது. இத்தகைய தொகுப்பு முறையின் குறை பின்னர் தெரியவந்தது. 1802 இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். சென்னைக்கும் மங்களூருக்கும் இடையிலான அகலத்தை முந்தைய நிலப்படங்கள் ஏறத்தாழ 40 மைல் கூட்டிக் காட்டியிருந்ததை அவ்வளவை வெளிப்படுத்தியது.