ஓங்கிய கத்தி தாழ்ந்த கணம்

ஏவப்பட்டவன் ஏவியவனின் வெறும் கருவிதானா? அல்லது மறுத்து நிற்கவல்ல மனிதன் ஒருவன் அவனுக்குள் எஞ்சியிருக்கிறானா? அறவியலின் இந்தப் பழைய வினாவை, ஒரு சொல்லும் பேசாமல் நம் முன் வைக்கிறது நூறாண்டு கடந்த ஒரு மௌனப்படக் காட்சி.

ராபர்ட் வீனே இயக்கிய ஜெர்மானியத் திகில் படமான 'டாக்டர் காலிகரியின் பெட்டகம்' 1920 பிப்ரவரியில் பெர்லினில் வெளியானது. சவப்பெட்டி போன்றதொரு பெட்டியில் ஓயாமல் உறங்கும் செசாரேயைத் திருவிழாக் கூடாரத்தில் வேடிக்கை காட்டுகிறார் காலிகரி. இரவில் அவனையே மனவசியத்தால் ஏவிக் கொலை செய்விக்கிறார். அப்படித்தான் ஓரிரவு, ஜேன் என்ற பெண்ணின் படுக்கையறைக்குக் கத்தியுடன் அனுப்பப்படுகிறான் செசாரே.

படத்தின் சுவர்கள் சாய்ந்தவை, சன்னல்கள் கோணலானவை. நிழல்களில் பலவும் விளக்கொளியில் விழுந்தவை அல்ல. அரங்கத் திரைகளில் தூரிகையால் தீட்டப்பட்டவை. நிழல் விழும் இடம்கூட முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட உலகம் அது. சுவரோடு சுவராக ஊர்ந்து வரும் செசாரேயும் அந்த ஓவியத்தின் ஒரு கோடாகவே தெரிகிறான்.

ஆனால், உறங்கும் ஜேனின் மேல் ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கிறது. கத்தி நழுவுகிறது. நடிகர் கான்ராட் வெய்ட்டின் முகத்தில் அதுவரை இல்லாத ஓர் உயிர்ப்பு தோன்றுகிறது.

இதை அன்பின் வெற்றி என்று கொண்டாடிவிட முடியாது. கத்தியைக் கைவிட்டவன் அவளை விட்டுவிடவில்லை. விழித்துப் போராடும் அவளைத் தூக்கிக்கொண்டு கூரைகளின் மேல் ஓடுகிறான். ஊரார் துரத்த, அவளை இறக்கிவிட்டுத் தளர்ந்து விழுந்து மாள்கிறான். அவன் தானாகச் செய்த முதல் செயலும் ஒரு குற்றமே. அழகு என்ற இன்னோர் ஏவலுக்குப் பணிந்தான் என்றுகூட வாதிடலாம்.

ஆயினும் ஓர் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது: காலிகரியின் கட்டளை மீற முடியாததன்று. ஜேனிடம் நின்ற கை, முன்பு ஆலன் என்ற இளைஞனைக் கொன்ற இரவிலும் நின்றிருக்கக் கூடுமோ? அவனை மனிதனாக்கும் அந்தக் கணமே அவனைப் பொறுப்பாளியாகவும் ஆக்குகிறது.

திரைக்கதையாசிரியர்கள் இருவரில் ஒருவரான ஹான்ஸ் யானோவிட்ஸ், முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாக இருந்து, போர் எதிர்ப்பாளராகத் திரும்பியவர். உத்தரவின் பெயரால் இளைஞர்கள் கொல்லவும் சாகவும் அனுப்பப்பட்டதைக் கண்டவருக்கு, செசாரே வெறும் கற்பனைப் பாத்திரமாக இருந்திருக்க இயலாது.

அடுத்த உலகப் போருக்குப் பின், 'மேலிடத்து உத்தரவு' என்ற வாதம் நியூரம்பர்க் விசாரணைகளில் ஒலித்தது. அத்தீர்ப்பாயம் ஏற்ற நெறிகளை ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 1950இல் தொகுத்தது. அறம் சார்ந்த தெரிவு உண்மையில் சாத்தியமாக இருந்திருந்தால், உத்தரவு ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்கிறது அவற்றில் ஒன்று.

இவையெல்லாம் மனநலக் காப்பகத்தில் உள்ள ஒருவன் சொன்ன கதை என்று முடிகிறது படம். கதைசொல்லியை நாம் நம்பாமல் போகலாம். ஆனால் அந்தரத்தில் நின்ற கையை மறக்க முடிவதில்லை. அலுவலகத்திலோ அமைப்பிலோ 'எனக்குச் சொல்லப்பட்டதைச் செய்தேன்' என்று நாம் கூறும்போதெல்லாம், நிறுத்த முடிந்த ஒரு கணம் நமக்கும் இருந்ததா என்று அது கேட்கிறது.